கியோக்கரெஸ் வருகையும் ஆர்செனலின் ஆட்டமும்

முன்கள வீரர் விக்டர் கியோக்கரெஸ் 2025-இல் லண்டன் கால்பந்து அணியான ஆர்செனலுக்கு வந்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி. 2024-25 பருவத்தில் முன்கள வீரர் ஹாவர்ட்ஸ் காயமடைந்தபின், நடுக்கள வீரரான மெரினோவை முன்னே நிறுத்தி ஒப்பேற்றிய அணி இது. ஆயினும், ஸ்போர்டிங் லிஸ்பனுக்காக 2024-25 போர்ச்சுகல் லீக்கில் கியோக்கரெஸ் அடித்த 39 கோல்களை வைத்து இங்கிலாந்துக்குக் கணக்குப் போடுவது சரியன்று.

அங்கே அவருக்கு ஓட இடம் கிடைத்தது. பந்து தம் அணியின் கைக்கு வந்த மறுகணமே இடப்பக்க ஓரத்தை நோக்கிப் பாய்ந்து, தடுப்பாளரைத் தோளால் ஒதுக்கி, உள்ளே திரும்பி வலக்காலால் ஓங்கி அடிப்பதே அவருடைய முத்திரை. ஆர்செனலை எதிர்த்து ஆடும் அணிகளோ பெரும்பாலும் தங்கள் கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பாக்ஸைச் சுற்றியே அடைத்து நிற்கும். கீழக்கரைக் கடற்கரை மணலில் ஆடும் எங்கள் பையன்களுக்கும் இது தெரியும்: எதிரணி கோல் கம்பத்தருகே கூடிவிட்டால், வேகமாக ஓடுபவனைவிட, முதுகில் ஆளைத் தாங்கிக்கொண்டு பந்தை நிறுத்திக் கொடுப்பவனையே அணி தேடும்.

ஹாவர்ட்ஸைப் போல கியோக்கரெஸ் கீழிறங்கி வந்து நடுக்களத்தோடு கூடி ஆடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாறாக, அவர் இரண்டு தடுப்பாளர்களைத் தம்மோடு இழுத்துச் செல்லும்போது திறக்கும் இடைவெளியில் சக வீரர்களான சாக்காவும் ஒடேகார்டும் நுழைய முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கு, பந்தைப் பறித்தவுடன் பக்கவாட்டில் தட்டிக்கொண்டிராமல், முதல் பாஸையே முன்னோக்கி அனுப்ப ஆர்செனல் பயிற்சியாளர் ஆர்டெட்டா தம் வீரர்களை அனுமதிக்க வேண்டும்.