வண்டு கிடைத்தது, சேர்க்கை எண் கிடைக்கவில்லை

நான் கண்டுபிடித்த புதுத் தரைவண்டு இனத்தைப் பற்றிய கட்டுரை ஒருவழியாக வெளிவந்துவிட்டது. வண்டின் பெயர், படம், அளவு எல்லாம் அதில் இருக்கின்றன. அதில் எழுத முடியாததை இங்கே கொட்டிவிடுகிறேன். 'இது புது இனமோ' என்ற சந்தேகத்தோடு ஒரு தரைவண்டைப் பெட்டியில் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

நீலகிரிச் சோலைக்காட்டில் வண்டு பிடிப்பதுதான் இதில் சுலபமான பகுதி. அனுமதிப் படிவம் மட்டும் கொஞ்சம் படுத்தியது. எந்த இனம், எத்தனை என்று கேட்கிறார்கள். இன்னும் பெயரே வைக்காத இனத்தை எப்படி எழுதுவது? தரைவண்டுகள் எல்லாம் அடங்கும் 'கராபிடே குடும்பம்' என்று எழுதினேன். இனப் பெயர் இல்லாத படிவம் மேலே போகாது என்று எழுத்தர் திருப்பித் தந்தார். அந்த மலையில் ஏற்கெனவே பதிவான இனங்களின் பட்டியலை இணைத்து, கடைசி வரியில் 'இக்குடும்பத்தின் பிற இனங்களும்' என்று சேர்த்த பிறகு நகர்ந்தது. பூச்சிதானே என்று அனுமதி இல்லாமல் போய்விடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022 திருத்தத்துக்கு முன்பிருந்த அட்டவணையில் கிளீனியஸ் நீல்கிரிகஸ் உட்படப் பல தரைவண்டுகள் இருந்தன.

மண்ணில் புதைத்த குழிப்பொறிகளில் பாதியைக் காட்டுப்பன்றி தோண்டிப் போட்டது, மீதியில் மழைநீர் நிரம்பியது. நல்லவேளையாக என் வண்டு பொறியில் விழுகிற ரகமே இல்லை. அது சேர்ந்த பிளாட்டினினி என்ற தரைவண்டுக் கூட்டத்தில் பல மரமேறிகள். இரவில் நெற்றி விளக்கோடு பாசி படர்ந்த அடிமரங்களைத் துழாவினால்தான் கிடைக்கும்.

சரி, வண்டு வந்தாயிற்று. இதற்கு ஏற்கெனவே யாரும் பெயர் வைக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது? உயிர் போவது இங்கேதான். இந்தியத் தரைவண்டுகளுக்கு ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் எழுதிய இரண்டு தொகுதிகள் 1929, 1935இல் வந்தன. அவை குடும்பம் முழுவதையும் முடிக்கவில்லை. மீதி பழைய இதழ்களில் சிதறிக் கிடக்கிறது. போதாக்குறைக்குக் கோல்போடிஸ் என்ற பேரினம். 1825இல் மெக்லே ஒரு ஜாவா வண்டுக்காக உருவாக்கியது. பிறகு வந்தவர்கள் ஆசியாவின் கண்ட கண்ட இனங்களையும் அதற்குள் தள்ளிவிட்டார்கள். அவற்றில் பலவற்றைப் பிற்காலத்தில் வேறு பேரினங்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆகவே ஒரு பெயரைத் தேடினால் போதாது. அந்த இனம் எந்தெந்தப் பேரினத்தில் குடியிருந்ததோ அத்தனையிலும் தேட வேண்டும்.

பெயர் கிடைத்தால் அப்புறம் மூல மாதிரி, அதாவது அந்தப் பெயரை முதலில் வைத்தபோது ஆதாரமாக வைத்த வண்டு. அது நம் ஊரில் இருக்காது. நீலகிரி வண்டென்றால் பெரும்பாலும் லண்டன். 1901இல் மேந்திரோன் என்ற பிரெஞ்சுக்காரர் செஞ்சியில் பிடித்ததைப் பார்க்க வேண்டுமானால் பாரிசுக்குக் கடிதம் எழுத வேண்டும். செஞ்சிக்காரர் ஒருவர் இதைக் கேட்டால் சிரிப்பாரா, கோபப்படுவாரா தெரியவில்லை.

என் வண்டுக்கு மிக நெருங்கிய பழைய இனத்தின் மூல மாதிரிப் படம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அனுப்பியவர் நல்ல மனிதர், கேட்ட கோணத்தில் எல்லாம் எடுத்துத் தந்தார். ஆனால் அந்த மாதிரி பெண். தரைவண்டில் நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் ஆண் உறுப்புதான். என்னிடம் இருப்பவை நல்ல ஆண்கள், அங்கே இருப்பது ஒற்றைப் பெண். சீட்டில் 'நீலகிரி மலைகள்' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. எந்தச் சோலை, எந்த உயரம்? அத்தனை பெரிய மலையில் எங்கே போய் அதன் ஆணைத் தேடுவது?

கடைசியில் கைகொடுத்தது நம் நாட்டுக்குள்ளேயே இருந்த ஒரு பழைய சேகரிப்பு. நாப்தலீன் நெடியடிக்கும் பெட்டியில் அதே பெயர்ச்சீட்டோடு ஓர் ஆண்! சீட்டு ஆண்ட்ரூஸ் எழுதியது. அறுத்துப் பார்க்க எழுத்துமூலம் அனுமதி வாங்கிக்கொண்டேன். காய்ந்த வண்டை வெந்நீரில் ஊறவைத்து, வயிற்று நுனியில் வளைத்த ஊசியை நுழைத்து மெல்ல இழுத்தால், எள்ளைவிடச் சிறிய பழுப்புக் குழல் ஒன்று வெளியே வரும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தசை கரைந்ததும் கிளிசரின் சொட்டில் போட்டுப் புரட்டிப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தபோது அதன் நுனி நேராக இருந்தது. என் வண்டுக்கு நுனி தெளிவாக வலப்பக்கம் வளைந்திருக்கும். பக்கத்தில் யாரும் இல்லாததால் என் கூச்சல் யாருக்கும் கேட்கவில்லை. இந்த வேலை செய்யும்போது மின்விசிறியை அணைத்துவிடுங்கள். உறுப்பைக் குட்டிக் குப்பியில் போட்டு, அதே வண்டின் ஊசியிலேயே குத்திவிடுங்கள்.

இனி எல்லாம் எழுத்து வேலைதான் என்று நினைத்தேன். அப்போது வந்தது சேர்க்கை எண், அதாவது மாதிரியைப் பெற்றுக்கொள்ளும் சேகரிப்பகம் தன் பதிவேட்டில் அதற்குத் தரும் எண். உயிரியப் பல்வகைமைச் சட்டம் 2002, பிரிவு 39இன்படி புது இனத்தின் மாதிரியை அதற்கென்று குறிக்கப்பட்ட சேகரிப்பகம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். ஹோலோடைப்புக்கு (புதுப் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) சிவப்புச் சீட்டு, பாராடைப்புகளுக்கு (அதோடு கட்டுரையில் சேர்த்த மற்ற மாதிரிகள்) மஞ்சள் எல்லாம் ஒட்டி எடுத்துக்கொண்டு போனேன். வெளியான கட்டுரையின் நகல் இல்லாமல் சேர்க்கை எண் தர முடியாது என்றார் அங்கே மேசையில் இருந்தவர். இதழ் ஆசிரியரோ, சேர்க்கை எண் இல்லாமல் கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்ப முடியாது என்கிறார். இருவருக்கும் நடுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்ததுதான் மிச்சம். பேருந்தில் அதை மடியிலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு குலுக்கலில் ஒரு கால் உடைந்தாலும் போச்சு.

வழி விலங்குகளுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பிலேயே இருந்தது. 1999க்குப் பிறகு வெளியாகும் பெயருக்கு ஹோலோடைப்பைக் குறிப்பிட வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது அல்லது இருக்கப்போகிறது என்று பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். விதி 16.4 கேட்பது அவ்வளவுதான், எண் அதில் இல்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஆசிரியருக்கு அனுப்பினேன். சேகரிப்பகத்தின் விஞ்ஞானி ஒருவர் 'மாதிரிகளைப் பெற்றுக்கொள்கிறோம்' என்று இரண்டு வரிக் கடிதம் தந்தார். நான் அந்த மேசையைத் தாண்டி அவரை முதலிலேயே பார்த்திருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். நீங்கள் நேராக விஞ்ஞானியிடம் போங்கள்.

மதிப்பீடு, திருத்தம் எல்லாம் வழக்கம்போல் முடிந்தன. ஆனால் சரிபார்க்க அச்சுப்படி வந்தபோது, விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஸூபேங்கின் பதிவு எண் இருந்த வரியைக் காணோம்! வடிவமைப்பில் விழுந்துவிட்டதாம். 2012 திருத்தத்தின்படி மின்னிதழில் மட்டும் வெளியாகும் பெயருக்கு அந்தப் பதிவும் வேண்டும், அதற்கான சான்று கட்டுரைக்குள்ளேயும் இருக்க வேண்டும். அப்படியே வந்திருந்தால் இவ்வளவு பாடுபட்டு வைத்த பெயர் செல்லாமல் போயிருக்கும். அச்சுப்படியில் எழுத்துப்பிழையைத் தேடுவதற்கு முன் அந்த வரியைத் தேடுங்கள். கட்டுரை வெளிவரும்வரை பெயரை ஆய்வேட்டிலோ கருத்தரங்கச் சுவரொட்டியிலோ போட்டுவிடாதீர்கள்.

போன வாரம் கட்டுரை நகலோடு போய் மாதிரிகளை ஒப்படைத்தேன். ரசீதில் 'வண்டுகள், ஒரு பெட்டி' என்று எழுதித் தந்தார்கள். விடவில்லை. ஹோலோடைப் தனி, பாராடைப் ஒவ்வொன்றும் தனி எண் என்று எழுதி வாங்கும்வரை அங்கேயே நின்றேன். நீங்களும் பெட்டிக் கணக்கில் ரசீது வாங்காதீர்கள்.