பூன் பண்ணுன வேலையும் நாலு வர்க்கியும்

சனிக்கிழமை வெடியால அஞ்சரை மணிக்கு திருப்பூர்ல முழிச்சிருந்தது ரெண்டே கூட்டந்தான். ஒண்ணு தீவாளி நோம்பிக்கு ஊருக்குப் போறதுக்குள்ள பீஸை முடிச்சுக் குடுத்தரோணும்னு நைட் ஓட்டிட்டு இருந்தவங்க, இன்னொண்ணு நானும் என்ற மாமன் பையனும். ஆளுக்கொரு போனு, 2024 வேர்ல்ட் சீரிஸ், அதாவது அமெரிக்கா பேஸ்பால் ஃபைனலு, அதுல மொத மேட்ச்சு, நியூயார்க் யாங்கீஸும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும், லாஸ் ஏஞ்சலஸ்ல அப்ப வெள்ளிக்கிழமை பொழுதோட.

மச்சான் நியூ ஜெர்சில அஞ்சு வருசம் இருந்துட்டு வந்தவன், யாங்கீஸுன்னா உசுரு. இங்க காதர்பேட்டைக்குப் போனா என்ஒய் போட்ட தொப்பி நூறு ரூவாய்க்கு கெடைக்குது, ஆட்டோக்காரர்ல இருந்து சந்தைல தக்காளி விக்கறவரு வரைக்கும் மாட்டிட்டு சுத்தறாங்க, அது ஒரு டீமோட தொப்பின்னு பாதிப் பேருக்கு தெரியாது. மச்சான் யாரையாச்சும் அந்தத் தொப்பியோட பாத்துப்போட்டான்னா ஒறம்பரையப் பாத்த மாதிரி சிரிப்பான், அவிய இவன ஒரு மாதிரி பாத்துட்டுப் போவாங்க.

ஒம்போது மணி வாக்குல மேட்ச் முடிஞ்சுது. 6-3 தோத்தாச்சு. மச்சான் ஒண்ணும் பேசாம செருப்ப மாட்டுனான், நேரா பேக்கரிக்கு வந்தோம், என்ற சித்தப்பா பையன் கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கறவன் நோம்பி லீவுக்கு வந்திருந்தான், அவனும் கூட.

மச்சான் மொதல்ல ஆரம்பிச்சது யாங்கீஸ் பிட்சரு, அதான் பந்து போடறவரு, கெரிட் கோல் விசயம். ஒம்போது இன்னிங்ஸ்ல ஆறு போட்டு ஒரே ரன்னுதான் குடுத்தாரு, 88 பந்துதான் போட்டிருந்தாரு, ஏழாவதுல ஒரு சிங்கிள் உட்டதும் யாங்கீஸ் மேனேஜர் ஆரன் பூன் வந்து எடுத்துப்போட்டாரு. கிரிக்கெட் மட்டும் பாக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிர்றேன், இங்க ஒரு பிட்சர வெளிய எடுத்தா எடுத்ததுதான், ரெண்டு ஓவர் கழிச்சு திரும்ப கூப்புட்டுக்கலாம்ங்கற கதையே கெடயாது, அதுனாலதான் இவனுங்க ஒவ்வொரு மாத்தலுக்கும் இப்புடி அடிச்சுக்கறாங்க. ஆனா எனக்கு கோல எடுத்ததுல பெருசா வருத்தமில்லைங்க, அந்த ஏழாவது இன்னிங்ஸ்ல ரன்னே போகல. எட்டாவதுலதான் போச்சு, டாட்ஜர்ஸோட ஓட்டானி டபுள் அடிச்சு ரெண்டாவது பேஸ் வரைக்கும் ஓடிட்டாரு, திரும்பி வந்த பந்த யாங்கீஸ் ஃபீல்டரு டோரஸ் உட்டுப்போட்டாரு, ஓட்டானி மூணாவது பேஸுக்கு போயிட்டாரு, அடுத்து வந்த பெட்ஸ் தூக்கி அடிச்ச ஃப்ளைல ரன்னு வந்து 2-2. அதுக்கு பூன் என்ன பண்ணுவாரு, பாவம்.

பத்தாவதுதான் கதையே. ஒம்போது முடிஞ்சும் 2-2தான், பத்தாவதுல மொதல்ல ஆடுன யாங்கீஸ் ஒரு ரன் எடுத்து 3-2ன்னு நிக்கறாங்க, அடுத்து டாட்ஜர்ஸ் ஆடணும், ஒரு அவுட்டு, மொத பேஸ்லயும் ரெண்டாவதுலயும் ஆளு. அடுத்து வர்றது ஓட்டானி. அந்த சீசன்ல 54 ஹோம் ரன்னு, 59 ஸ்டீலு, அதாவது யாரும் அடிக்காமயே ஓடிப்போயி அடுத்த பேஸ புடிக்கறது. மச்சான் கல்லாப்பெட்டிக்கு பக்கத்துல இருந்த வர்க்கிய நாலு எடுத்து கண்ணாடி மேல வெச்சான், இது ஹோமு, இது ஒண்ணு, இது ரெண்டு, இது மூணு, ஒரு சுத்து ஓடி ஹோமுக்கு வந்தா ரன்னு, சக்கரைப் பொட்டலத்த நடுவுல வெச்சு இதுதான் பிட்சருன்னான். பேக்கரிக்காரண்ணன் டீ ஆத்திட்டே பாத்துட்டு இருந்தாரு.

"இங்க டிம் ஹில் ரெடியா நிக்கறான் மாப்ள. இடது கை. ஓட்டானியும் இடது கை, அவனுக்கு அடிக்கறது கஷ்டம். ப்ளேஆஃப் முழுக்க, லீக் முடிஞ்சு நடக்கற நாக்-அவுட்டுல, போட்டுட்டு இருக்கறான். அவன உட்டுப்போட்டு செப்டம்பர் 18க்கு அப்பறம் ஒரு பந்து கூட மேட்ச்சுல போடாத நெஸ்டர் கோர்டெஸ கூப்புடறான் இந்தாளு. 37 நாளு! முழங்கைல அடிபட்டு உக்காந்திருந்தவன்!"

தம்பி உடனே ஆரம்பிச்சுட்டான். அவனுக்கு எல்லாமே கணக்கு. "மச்சான், பூன் மேட்ச் முடிஞ்சதும் சொன்னாருல்லங்க, கோர்டெஸ் இந்த ரெண்டு மூணு வாரமா ப்ராக்டிஸ்ல நல்லா போட்டுட்டு இருந்தாரு, ஹில் போட்டா தரைல உருளும், ஆனா ஓட்டானி ஓடற ஓட்டத்துக்கு டபுள் ப்ளே, ஒரே பந்துல ரெண்டு அவுட்டு, கெடைக்காது, அப்பறம் பின்னால பெட்ஸ் வந்தா ஹில்லுக்கு கஷ்டம். காரணமில்லாம பண்ணல. அதுவுமில்லாம ஓட்டானிய எடுத்துட்டாருல்ல?"

அது நெசம்தான். கோர்டெஸ் போட்ட மொதப் பந்துலயே ஓட்டானி இடது பக்கம் வெளிய தூக்கி அடிச்சாரு, யாங்கீஸ் ஃபீல்டரு வெர்டூகோ ஓடி வந்து புடிச்சு, புடிச்ச வேகத்துல சுவரத் தாண்டி ஆளுங்க மேல உழுந்தாரு. அவுட்டுதான், ஆனா புடிச்சவரு மைதானத்துக்கு வெளிய உழுந்தா ஓடறவங்களுக்கு ஆளுக்கு ஒரு பேஸு சும்மா, அதுனால ரெண்டு பேரும் ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் போயிட்டாங்க. மொத பேஸு காலி. மச்சான் அந்த வர்க்கிய இப்புடி விரல்ல தட்டித் தட்டி காட்டறான், அது ஒடஞ்சு தூளாயிட்டு இருக்குது. பெட்ஸ் வலது கை, அவர அடிக்கவே உடாம வேணும்னே சும்மா மொத பேஸுக்கு நடக்க உட்டு பேஸ ரொப்பியாச்சு. அடுத்தது ஃப்ரெடி ஃப்ரீமன், இடது கை, கணுக்கால் சுளுக்கி நொண்டிட்டு ஆடுனவரு. மொதப் பந்து. கிராண்ட் ஸ்லாம், மூணு பேஸ்லயும் ஆளு நிக்கறப்ப அடிக்கற ஹோம் ரன்னு, ஒரே அடில நாலு ரன்னு. வேர்ல்ட் சீரிஸ் வரலாத்துலயே மேட்ச முடிச்சு வெச்ச மொத கிராண்ட் ஸ்லாம் அதுதான். கோர்டெஸ் மொத்தமா போட்டது ரெண்டே பந்து.

தம்பி சொல்றது என்னன்னா முடிவு சரி, ரிசல்ட்டுதான் தப்பு. மச்சான் சொல்றது பூனுக்கு மூளையே இல்ல. எனக்கு ரெண்டுமே ஒத்துக்கல. 2020ல இருந்து ஒரு ரூல் இருக்குதுங்க, உள்ள வர்ற பிட்சரு இன்னிங்ஸ் முடியலைன்னா கொறைஞ்சது மூணு பேருக்காவது போட்டே ஆகோணும். அப்ப கோர்டெஸ கூப்புட்டப்பவே ஓட்டானிக்கு மட்டுமில்ல, பெட்ஸுக்கும் ஃப்ரீமனுக்கும் சேத்தேதான் கூப்புட்டிருக்கறீங்க. ஒரு பந்துக்கு தம் புடிச்சு போட்டரலாம், 37 நாள் கழிச்சு வந்தவன்கிட்ட பேஸு ரொம்பி நிக்கறப்ப இன்னொரு நல்ல பந்து வருமாங்கறதத்தான் யோசிச்சிருக்கோணும். நான் இதச் சொன்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "அதெப்புடி"ங்கறாங்க.

எனக்கு இதுல ஒரு சொந்த நோக்காடு இருக்குது. மூணு வருசத்துக்கு முன்ன நான் ஒரு பனியன் கம்பெனில லைன் பாத்துட்டு இருந்தேன், ஷிப்மெண்ட்டுக்கு ரெண்டு நாளு, நெக் ரிப், அதான் கழுத்துப் பட்டை, வெக்கற வேலை நிக்குது. ரெண்டு டெய்லரு. ஒருத்தரு சுமாரு, ஆனா தெனமும் அந்த மிஷின்லயே உக்காந்து கை ஓடிட்டு இருக்கறவரு. இன்னொருத்தரு கைக்காரரு, ஊரே சொல்லும், ஆனா வெரல்ல ஊசி ஏறி ஒரு மாசம் ஊட்ல இருந்துட்டு அன்னிக்குத்தான் வந்தாரு. நான் கைக்காரர உக்கார வெச்சேன். மொத அம்பது பீஸு கண்ணுல ஒத்திக்கலாம். அப்பறம் பாத்தா கழுத்து ஒரு பக்கம் இழுத்துட்டு நிக்குது, பிரிச்சு திரும்ப தெக்க வேண்டிய ஆல்ட்ரேசன் பீஸு மூட்டை மூட்டையா குமிஞ்சுபோச்சு. மொதலாளி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "தெனமும் உக்காந்திருந்தவன் என்றா பண்ணுனான் உனக்கு?" இன்னிக்கு டிம் ஹில்லுக்காக மச்சான் கேக்கறதும் அச்சு அசல் அதே கேள்வி, அதுனால பூன திட்டறப்ப எனக்கு வாயி பாதிதான் தெறக்குது.

இப்ப பேக்கரிக்காரண்ணன் உள்ள வந்தாரு. "ஏனுங் தம்பி, தோனி ஜோகிந்தர் சர்மாகிட்ட கடைசி ஓவர் குடுக்கலையா? ஹர்பஜனுக்கு ஒரு ஓவர் மிச்சம் இருந்துச்சு. ஜெயிச்சோம், தோனி மூளைக்காரருன்னோம். ஸ்ரீசாந்த் அந்த கேட்ச உட்டிருந்தா?"

தம்பிக்கு ஒரே குசி, "அதத்தானுங்ணா நானும் சொல்றேன்"னு எந்திரிச்சு நின்னுட்டான். 2007 டி20 வேர்ல்ட் கப் ஃபைனலு, அஞ்சு ரன்ல ஜெயிச்சது, எல்லாருக்கும் தெரியும். ஆனா ஜோகிந்தர் அன்னிக்கு அதுக்கு முன்னயே மூணு ஓவர் போட்டிருந்தாருங்க, ரெண்டு நாளைக்கு முன்ன ஆஸ்திரேலியா கூட செமிலயும் கடைசி ஓவர் அவருதான். கை சூடா இருந்துச்சு. அவரு கோர்டெஸ் இல்ல, அவருதான் டிம் ஹில்லு. இதச் சொன்னதும் அண்ணன் "டிம் ஹில்லு யாருங்"ன்னாரு, மறுபடியும் வர்க்கில இருந்து ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு.

மச்சான் இந்தாளு வேலைய புடுங்கோணும்னு கத்திட்டே இருந்தான். அப்பத்தான் தம்பி லொள்ளா ஒண்ணு கேட்டான். "மச்சான், 2003 யாபகம் இருக்குதுங்களா?" மச்சானுக்கு எப்புடி மறக்கும், அவன் போன்ல அந்த வீடியோ இன்னும் இருக்குது. அமெரிக்கன் லீக் ஃபைனல் ஏழாவது மேட்ச்சு, யாங்கீஸ் கூட பாஸ்டன் 5-2ன்னு முன்னால நிக்குது, எட்டாவதுல பாஸ்டன் பிட்சரு பெட்ரோ மார்டினெஸ் தளந்துபோனது ஊருக்கே தெரியுது, மேனேஜர் க்ரேடி லிட்டில் எடுக்காம உட்டுப்போட்டாரு, மூணு ரன்னு போயி 5-5. பதினொண்ணாவதுல மொதப் பந்துலயே ஹோம் ரன் அடிச்சு பாஸ்டன ஊட்டுக்கு அனுப்புனது யாருங்கறீங்க, அப்ப யாங்கீஸ்ல ஆடிட்டு இருந்த இதே ஆரன் பூன்தான். க்ரேடி லிட்டிலுக்கு அடுத்த வருசம் அங்க வேலை இல்ல. எடுத்தாலும் திட்டு, எடுக்கலைன்னாலும் திட்டு, அன்னிக்கு அடுத்தவன் மேனேஜரு, இன்னிக்கு இவரே.

மச்சான் கொஞ்ச நேரம் தொப்பிய கழட்டி கைல வெச்சு சுத்திட்டு இருந்தான். அப்பறம் "அது வேற, இது வேற"ன்னான். என்ன வேறன்னு கேட்டா சொல்லத் தெரியல.

எந்திரிச்சோம். அண்ணன் பில்லு சொன்னாரு, டீ மூணு, தேங்கா பன் ஒண்ணு, வர்க்கி நாலு.

"வர்க்கி தின்னவே இல்லைங்ணா, சும்மா வெச்சுக் காட்டுனது."

"மூணாவது பேஸு உன்ற சட்டைல ஒட்டிட்டு இருக்குது பாரு தம்பி"ன்னாரு.