மொட்டை மாடியில் கண்சிமிட்டிய பல்பு

எங்கள் வீட்டு மொட்டை மாடி விளக்குக்குச் சுவிட்ச் கீழே, கூடத்தில் இருக்கிறது. வீட்டைக் கட்டியபோது வயர் மிச்சம் என்று யாரோ செய்த ஏற்பாடு. மாலையில் துணி எடுக்கப் போகும் அம்மா அதைப் போடுவார், அணைக்க மறப்பார். மறுநாள் பால்காரர் சொல்லித்தான் பட்டப்பகலில் விளக்கு எரிவது எங்களுக்குத் தெரியும்.

அப்பா ஒவ்வொரு முறையும் மின்கட்டணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். ஒன்பது வாட் பல்பு விடியவிடிய எரிந்தாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும் என்று நான் கணக்குச் சொன்னது எடுபடவில்லை. அதனால் மாடி விளக்கு எரிவது கீழே கூடத்திலேயே தெரியட்டும் என்று ஒரு சிவப்பு இண்டிகேட்டர் வாங்கி வந்தேன்.

அதற்குள் இருப்பது ஒரு சிறு நியான் விளக்கும் ஒரு மின்தடையும், அவ்வளவுதான். டெஸ்டர் கைப்பிடிக்குள் மினுங்குமே, அதே வகை. சுமார் ஒரு மில்லி ஆம்பியரில் எரிந்துவிடும். வருடம் முழுக்க எரிந்தாலும் சுமார் இரண்டு யூனிட்தான் ஆகும். (இதை அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.)

டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் ஒரு பிளக்கில் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மெயினை அணைத்துப் பலகையைக் கழற்றினேன். இண்டிகேட்டரின் இரண்டு வயர்களையும் சுவிட்சின் இரண்டு முனைகளிலும் முடுக்கினேன். எளிதாகத்தான் இருந்தது. தவறுகள் பெரும்பாலும் எளிதாகத்தான் இருக்கின்றன.

சுவிட்சைப் போட்டால் சிவப்பு அணைந்தது, அணைத்தால் எரிந்தது. சுவிட்ச் மூடியிருக்கும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தம் இருக்காது என்பது பள்ளிப் பாடம். இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவர்களுக்கு இந்த இணைப்பு நல்லது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு படுத்துவிட்டேன்.

இரவு பதினொரு மணிக்கு அப்பா எழுப்பினார். மாடியில் யாரோ டார்ச் அடிக்கிறார்களாம். போய்ப் பார்த்தால், அணைத்து வைத்த எல்இடி பல்பு சில நொடிக்கு ஒரு தரம் பளிச், பளிச்சென்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. நியான் வழியாகக் கசிந்த துளி மின்சாரம் பல்புக்குள் இருக்கும் மின்தேக்கியில் சேர்ந்து, நிறைந்ததும் ஒரு மின்னலாகத் தீர்ந்துபோகிறது. பிறகு மறுபடி சேர்கிறது. பழைய குண்டு பல்பாக இருந்தால் அந்தக் கசிவைக் கண்டுகொண்டே இருக்காது.

மறுநாள் மாற்றினேன். ஒரு வயர், சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் முனையில். இன்னொன்று நியூட்ரலில், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயரில். நல்லவேளையாக அதே பலகையில் ஒரு பிளக் இருந்ததால், அதற்கு வந்திருந்த கறுப்பு வயரிலிருந்து நியூட்ரல் கிடைத்தது. வெறும் சுவிட்சுகள் மட்டும் உள்ள பலகையாக இருந்திருந்தால் நியூட்ரலுக்காகத் தனியாக வயர் இழுத்திருக்க வேண்டும். அந்த வேலைக்கு எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

இப்போது விளக்கைப் போட்டால் சிவப்பு, அணைத்தால் இருட்டு. பால்காரருக்கும் எங்களிடம் சொல்ல ஒன்றுமில்லை.

போன வாரம் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, மேலே ஒரே இருட்டாக இருக்கிறது என்றார். அப்பா சிவப்புப் புள்ளியைக் காட்டி, விளக்கு எரிகிறது என்று சாதித்தார். சுவிட்சைத் தாண்டி மின்சாரம் போகிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி, பல்பு போயிருந்தாலும் சிவப்பு எரியும் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு படியேறினார்.