ஞாயிறு ஷேரிங்கும் ஒரு திருநங்கையின் விண்ணப்பமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், வீட்டில் அடிபட்ட பெண்களுக்காக ஒரு சின்னக் குழு நடத்துகிறோம். ஞாயிறு பிற்பகல் ஒரு கடைவீட்டு மாடியில் கூடுவோம். வருகிறவர்களில் பலர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். மற்றவர்கள் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு டவுனுக்கு வந்தவர்கள். ஆண்களுக்கு அனுமதியில்லை என்பது தொடக்கத்திலிருந்தே விதி.

போன வருடம் ஒரு திருநங்கை, தானும் சேரலாமா என்று வாட்சாப்பில் கேட்டார். அவருடைய அண்ணன் அடித்து வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறான். இந்தக் கேள்வி மற்ற ஊர்க் குழுக்களுக்கும் வரும், அதனால் நாங்கள் பட்ட பாட்டை எழுதிவைக்கிறேன்.

அவசரமானதை முதலில் கவனித்தோம். 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிமாருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குடும்ப உறுப்பினர் யார் அடிபட்டாலும் அது பொருந்தும், அண்ணன் அடித்தாலும்தான். 2017 திருத்தத்தில் வந்த அவசரப் பாதுகாப்பு ஆணையைச் சமூகநல இலாகா அதிகாரியே கொடுக்கலாம், போலிஸ் புகார் கட்டாயமில்லை, 7 நாள் செல்லும். ஆக, அவரோடு நலத்துறைக்குக் கூடப் போவதில் எங்களுக்குள் வாக்குவாதமே இல்லை. ஆனால் கவுண்டரில் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கொடுத்ததும் அங்கிருந்தவர்களின் முகம் மாறிவிட்டது. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண். பழைய பெயரை எல்லார் காதிலும் விழும்படி கூப்பிட்டார்கள். தங்குமிடம் கேட்டுப் பேசிய ஓர் இல்லத்திலும் ஐசிதான் முதல் கேள்வி, பெண்கள் மட்டும் என்று போனை வைத்துவிட்டார்கள். கடைசியில் எங்கள் அக்கா ஒருவர் வீட்டில் சில நாள் தங்கினார்.

சண்டை வந்தது ஷேரிங் பற்றித்தான். உட்கார்ந்து பேசும் அந்த இரண்டு மணி நேரம்.

ஒரு அக்கா சொன்னார்: “அந்தப் பிள்ளை மேல எனக்கு ஒன்னும் இல்ல. அந்தக் குரலைக் கேட்டா என் வாய் அடைச்சிக்கும், அவ்ளோதான்.” அவர் பல வருடம் யாரிடமும் சொல்லாததை அந்த மாடியில்தான் முதன்முதலில் சொன்னார். இளைய பெண்ணொருத்தி உடனே, “அவங்களையும் அடிச்சது ஒரு ஆம்பளதானே?” என்றாள். இரண்டுமே நியாயம். அதனால்தான் முடிவு கிடைக்கவில்லை.

அப்புறம் வாட்சாப் குரூப்பில் தீர்ப்புகள் வந்து விழுந்தன. 2025 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அவர்களுடைய 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் பெண் என்பது பிறப்பின்படி பெண் என்று சொன்னது. அதை அனுப்பியவர், விவாதம் முடிந்தது போல ஒரு கும்பிடும் போட்டிருந்தார். அதே தீர்ப்பு, திருநர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் பிரிவுகள் அப்படியே இருக்கின்றன என்றும் சொல்கிறது. அதை யாரும் அனுப்பவில்லை. கனடாவின் கிம்பர்லி நிக்சன் வழக்கையும் ஒருவர் போட்டார். 1995இல் வான்கூவரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மையமொன்றில் தன்னார்வலராகப் பயிற்சிக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்ட திருநங்கை அவர். தீர்ப்பாயத்தில் வென்று, மேல் நீதிமன்றங்களில் தோற்றார். 2007இல் கனடா உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தபோது வழக்குக்குப் பன்னிரண்டு வயது. எங்களால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. லண்டன் தீர்ப்பும் எங்கள் மாடிப்படி ஏறாது.

எங்களிடம் வந்தவர் பெண்ணா இல்லையா என்று ஓட்டெடுக்கச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மைலோ குடித்துக்கொண்டே அடுத்தவர் பிறப்பைத் தீர்மானிக்க நாம் யார்? ஒவ்வொரு உதவியையும் தனித்தனியாகப் பார்ப்போம் என்றேன். போலிஸ், மருத்துவமனை, நலத்துறைக்குக் கூடப் போவது எல்லாருக்கும் உண்டு. ஷேரிங்கைப் பொறுத்தவரை, நடத்தும் எங்களைவிட அதில் வந்து பேசுகிறவர்கள் சொல்வதுதான் பெரிது என்று முடிவு செய்து, ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டோம். கூட்டத்தில் ‘சரி’ என்று தலையாட்டிய சிலர், தனியாகக் கேட்டபோது ‘வேண்டாம்’ என்றார்கள். கூட்டத்தில் எதிர்த்தவர்களில் ஒருவர் மனம் மாறியிருந்தார்.

ஞாயிறு ஷேரிங் பழையபடியே இருக்கட்டும், புதன் இரவில் இன்னொன்று தொடங்கி யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வோம் என்று முடித்தோம். நானும் அதற்குத்தான் கை தூக்கினேன். பெண்கள் மட்டும் என்று நம்பி வந்தவர்களிடம் பாதியில் விதியை மாற்றுவது சரியில்லை என்பது என் எண்ணம். இந்த முடிவைக் கேட்டதும் அந்தத் திருநங்கை, “சரிக்கா, எனக்குப் பழகினதுதான்” என்றார். அது இன்னும் என்னை உறுத்துகிறது. அந்த இளைய பெண் ஞாயிறு வருவதை நிறுத்திவிட்டாள், புதனுக்கு மட்டும்தான் வருகிறாள்.

இப்போது புதிதாக யார் கூப்பிட்டாலும், எந்த நாளில் யார் யார் இருப்பார்கள் என்று போனிலேயே சொல்லிவிடுகிறோம். புதன் கூட்டத்துக்குத்தான் நிரந்தர இடம் அமையவில்லை. கடைக்காரர் இரவில் மாடியைத் தர யோசிக்கிறார், பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) கேட்டு வைத்திருக்கிறோம்.