முதலில் ஒரு முழுப் பாலூட்டலைப் பார்க்க வேண்டும்

பாலூட்டல் ஆலோசகர்களான எங்கள் காதில் அதிகம் விழும் வார்த்தை 'பால் பத்தல'. அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் எடுத்த எடுப்பில் யோசனை எதுவும் சொல்லக் கூடாது. குழந்தை ஒரு முறை குடிப்பதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கச் சொல்வது இதற்காகத்தான். ஃபோனில் விவரம் கேட்டுச் சொல்லும் யோசனை பல நேரம் குறி தப்பிவிடும். 'நல்லாத்தான் பிடிக்குது, அரை மணி நேரம் குடிக்குது' என்பார்கள். நேரில் பார்த்தால் அந்த அரை மணியில் விழுங்கியது ஐந்து நிமிடம்கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் காம்பை வாயில் வைத்துக்கொண்டு தூக்கம்.

வரும்போது குழந்தைக்கு லேசாகப் பசி இருக்க வேண்டும். வீறிட்டு அழும் குழந்தையும் வயிறு நிறைந்த குழந்தையும் எதையும் காட்டிக்கொடுக்காது. பிறந்த எடை, கடைசி 24 மணி நேரத்தில் எத்தனை முறை குடித்தது, எத்தனை டயப்பர் நனைந்தது, தாய் சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றை எழுதிக் கொண்டுவரலாம். பம்ப் வைத்திருந்தால் உதிரிகள் எல்லாவற்றோடும் எடுத்து வர வேண்டும்.

எடையைத் தனியாக வைத்து முடிவு கட்டுவது ஆபத்து. முதல் சில நாட்களில் பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது சகஜம். 10 சதவீதத்தை நெருங்கினால் பாலூட்டலையும் குழந்தையையும் முழுதாகப் பரிசோதிக்க வேண்டும். பிரசவ நேரத்தில் தாய்க்கு டிரிப்ஸ் நிறைய ஏறியிருந்தால், குழந்தையும் அந்த நீரைச் சுமந்து பிறந்து, முதல் நாளிலேயே சிறுநீராக வெளியேற்றி எடை இறங்கும். அதனால் எண்ணோடு டயப்பரையும் கேட்கிறோம். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து தினமும் குறைந்தது ஆறு டயப்பராவது நன்றாக நனைய வேண்டும். 'நன்றாக' என்றால் எவ்வளவு என்று புரியாதவர்கள், காய்ந்த டயப்பரில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பார்த்தால் போதும். கறுப்பு மலம் பச்சையாகி, ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாக மாற வேண்டும். அப்போதும் கறுப்பாகவே இருந்தால் பால் போதிய அளவு உள்ளே போகவில்லை என்று சந்தேகிக்கலாம். பிறந்த எடை 10 முதல் 14 நாட்களுக்குள் திரும்பி, அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறுவது வழக்கம்.

இனி குழந்தை மார்பைப் பிடிக்கும் அந்தச் சில நொடிகள். பிரச்சினைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. குழந்தையின் வயிறு தாயின் உடலோடு ஒட்டி, காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மூக்குக்கு நேராகக் காம்பு. மேலுதட்டில் காம்பு உரசியதும் குழந்தை தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து வாயைப் பெரிதாகத் திறக்கும். அதுவரை காத்திருக்கத்தான் பலருக்கும் பொறுமை இருப்பதில்லை. திறந்த கணத்தில் குழந்தையைத் தோள்பட்டைக்குப் பின்னாலிருந்து அணைத்துக் கொண்டுவர வேண்டும். முதலில் மார்பைத் தொடுவது தாடை. பிடரியைப் பிடித்து அழுத்தினால் குழந்தை எதிர்த்துத் தலையை விறைக்கும். இதை மார்பை வெறுப்பதாக எடுத்துக்கொண்டு வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது.

சரியாகப் பிடித்தால் கன்னம் உப்பியிருக்கும், கீழ்ப்பக்கத்தைவிட மேலே கருவட்டம் அதிகமாகத் தெரியும். வேகமான சிறு உறிஞ்சல்கள் மெல்ல நின்று, தாடை ஆழமாக இறங்கும் நீண்ட உறிஞ்சல்களாக மாறும். இடையிடையே விழுங்கும் ஓசை கேட்கும். 'டக் டக்' என்ற சத்தம் வந்தால் பிடி நழுவுகிறது. குடித்து முடித்ததும் காம்பை அவசியம் பார்க்க வேண்டும். புது லிப்ஸ்டிக் நுனி போலச் சாய்வாக நசுங்கியிருந்தால் பிடி ஆழமில்லை. முதல் சில நொடிகள் இழுவை தெரியலாம். குடிக்கும் நேரம் முழுக்க வலித்தால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. சுத்தமான விரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடி பிடிக்க வைக்க வேண்டும்.

எவ்வளவு குடித்தது என்பதில் ஐயம் இருந்தால் குடிக்கும் முன்னும் பின்னும் எடை போடுகிறோம். வீட்டுத் தராசு இதற்கு உதவாது. 2 கிராம் வித்தியாசத்தைக் காட்டும் கருவி வேண்டும். அதே உடை, அதே டயப்பர், நடுவில் மாற்றக் கூடாது. கூடிய ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி பால். ஆனால் ஒரு வேளை அளவை வைத்து ஒரு நாளைக் கணிக்க முடியாது.

பால் உண்மையிலேயே குறைவாக இருக்கும் தாய்மார்களும் உண்டு. நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியிருப்பது, தைராய்டு கோளாறு, பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு, மார்பக அறுவை சிகிச்சை, பால் சுரப்பித் திசு போதிய அளவு வளராதிருப்பது என்று காரணங்கள் பல. அவர்களிடம் 'விடாம முயற்சி பண்ணுங்க' என்று மட்டும் சொல்லி அனுப்புவது அக்கறையின்மை. முதலில் குழந்தையின் வயிறு நிறைய வேண்டும். மேற்பால், அதாவது மார்பில் குடிப்பதற்கு மேல் கூடுதலாகப் பால், கொடுக்க நேர்ந்தால் அதற்காகக் குற்ற உணர்வு தேவையில்லை. மார்பில் குடிக்கவைத்து, பிறகு மேற்பால் கொடுத்து, அதன்பின் பம்ப் செய்யும் மும்முனைத் திட்டம் பலன் தரும், ஆனால் தாயைச் சக்கையாகப் பிழிந்துவிடும். எந்தத் தேதியில் மறுபரிசீலனை என்று குறிக்காமல் அதை எழுதித் தருவது சரியில்லை.

பம்பில் பால் வரவில்லை என்றால் இயந்திரத்தை மாற்றும் முன் ரப்பர் வால்வைப் பாருங்கள். அது கிழிந்தோ தளர்ந்தோ போனால் உறிஞ்சும் வேகம் விழுந்துவிடும். அடுத்தது மார்பில் பொருத்தும் புனலின் அளவு. பெட்டியோடு வரும் 24 மில்லிமீட்டர் புனல் பலருக்குப் பெரிது; காம்பின் அடிப்பகுதி விட்டத்தை அளந்து வாங்க வேண்டும். கருவட்டமும் சேர்ந்து குழலுக்குள் இழுபட்டால் புனல் பெரிது, காம்பு பக்கவாட்டில் உரசினால் சிறிது. வேகத்தை உச்சத்தில் வைத்தால் பால் கூடாது. வலி வந்தால் சுரந்த பாலும் இறங்க மறுக்கும்.

இத்துறையில் இருப்பவர்களே மறக்கச் சிரமப்பட்ட பழைய பாடம் ஒன்று உண்டு. பால் கட்டி மார்பு சிவந்தால் அழுத்தித் தேய், சூடு வை, முழுக்கக் காலி செய் என்றுதான் நீண்ட காலம் சொல்லி வந்தோம். 2022-இல் பாலூட்டல் மருத்துவக் கழகம் திருத்திய வழிகாட்டுதல் இதைப் புரட்டிப் போட்டது. அழுத்தித் தேய்த்தால் உள் திசு காயமாகி வீக்கம் கூடுகிறது, கூடுதலாகக் கறந்தால் சுரப்பு இன்னும் ஏறுகிறது. வழக்கம்போலப் பாலூட்டி, குளிர் ஒத்தடம் வைத்து, மருத்துவர் சொல்லும் வீக்கம் குறைக்கும் மாத்திரை சாப்பிடலாம். காய்ச்சலும் சிவப்பும் 24 மணி நேரத்தில் தணியாவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

யாரிடம் போவது என்று கேட்பவர்களுக்கு: ஐபிசிஎல்சி என்பது 1985-இல் தொடங்கிய சர்வதேசத் தேர்வு வாரியம் பாலூட்டல் ஆலோசகர்களுக்குத் தரும் தகுதி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தத் தகுதி உள்ளவரும் மருத்துவராக இல்லாவிட்டால் மருந்து எழுதித் தர முடியாது. பார்த்த மாத்திரத்தில் 'நாக்கு அடியில சவ்வு ஒட்டியிருக்கு, வெட்டணும்' என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நாக்கு எப்படித் தெரிகிறது என்பதைவிட, குடிக்கும்போது எப்படி அசைகிறது என்பதே முக்கியம்.

சந்திப்பு முடிந்ததும் கையில் கொடுக்கும் தாளில் மூன்று வேலைகளுக்கு மேல் எழுதுவதில்லை. இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் தாய் மட்டுமல்ல, உடன் இருப்பவரும் படித்துச் செய்ய வேண்டும். இரண்டு மூன்று நாள் தள்ளி எடை பார்க்கும் தேதி அடியில் இருக்கும். அதற்குக் கீழே கட்டம் கட்டி: எழுப்பியும் குடிக்காத குழந்தை, எட்டு மணி நேரமாக நனையாத டயப்பர், கால்வரை பரவிய மஞ்சள் நிறம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தத் தேதிவரை காத்திருக்காமல் உடனே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்.