உறைபனியில் பதிந்த கால்தடம்

இந்த நாட்டுக்கு வந்த மூன்றாம் மாதம், நகரத்தைவிட்டு வெகுதூரம் தள்ளியிருந்த ஒரு ரிசார்ட்டில் புல் பராமரிக்கும் வேலை கிடைத்தது. பதினெட்டுக் குழி கோல்ஃப் மைதானம். சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் நடக்கும் இடம். நானோ அதுவரை கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூட இல்லை.

விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். க்ரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், படிந்த பனித்துளிகளைத் தட்டிவிட்டு, புல்லை 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஒட்ட வெட்டுவோம். பிறகு பங்கர் எனும் மணற்பள்ளங்களில் மணலை வாரிச் சமன் செய்வோம். உறைபனியை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு நாள் காலை, வெள்ளை பூத்துக் கிடந்த ஏழாவது க்ரீனின் குறுக்கே நடந்துவிட்டேன். உறைந்திருக்கும் புல்லை மிதித்தால் அதன் செல்கள் நொறுங்கிவிடும். வெயில் ஏறியபின் என் காலடிகள் ஒவ்வொன்றும் பழுப்பாகத் தெரிந்தன. இரண்டு வாரத்துக்கு மேலாகியும் மறையவில்லை. தினமும் அதைக் கடந்து போக எனக்கு வலித்தது. மேலாளர் திட்டவில்லை. அடுத்த உறைபனிக் காலையில் என்னை அருகே உட்காரவைத்து, ஒரு புல்லிதழை விரலால் ஒடித்துக் காட்டினார். பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்வார் அவர். எனக்கு 'சார்' என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வர ஆறு மாதம் ஆனது.

மைதானத்தின் கடினத்தை ஸ்லோப் ரேட்டிங் என்ற எண்ணால் சொல்வார்கள். 55 முதல் 155 வரை போகும், நடுத்தரம் 113. கைதேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரர் எவ்வளவு கூடுதலாகத் திணறுவார் என்பதையே அது காட்டுகிறது. எங்களுடையது 140ஐத் தாண்டியது. ஆனால் ஒரு நாளின் கடினம் அன்று குழியை மாற்றி வெட்டும் இடத்தைப் பொறுத்தது என்பதை வேலையில்தான் கற்றேன். சரிவின் விளிம்புக்குப் பக்கத்தில் வெட்டினால் நல்ல பந்தும் உருண்டு ஓடிவிடும்.

இப்போது குழி வெட்டுவது என் பொறுப்பு. 108 மில்லிமீட்டர் விட்டம். புதுக்குழியில் எடுத்த மண்கட்டியைப் புல்லோடு பழைய குழியில் வைத்து அடைக்க வேண்டும். சற்று உயர்ந்து நின்றால் வெட்டும் இயந்திரம் அதன் தலையைச் சீவிவிடும். தாழ்ந்தால் பந்து திசை மாறும். உள்ளங்கையால் தடவிப் பார்த்து, ஓரத்தை அழுத்தி, தண்ணீர் ஊற்றுவேன். சில நாளில் வேர் பிடித்துவிடும். அதற்குப் பிறகு அந்த இடத்தைத் தேடினால் எனக்கே தெரியாது.