பாஸ்வேர்டில் ஒரு சதவீதக் குறி

பத்து சர்வருக்கு ஒரே மாதிரி ஐஎன்ஐ கோப்பு (சதுர அடைப்புக்குறிக்குள் பிரிவின் பெயர், அதன் கீழே 'சாவி = மதிப்பு' என்று வரிகள் உள்ள அமைப்புக் கோப்பு), போர்ட்டும் பாஸ்வேர்டும் மட்டும் வேறு. முதலில் பிரிண்ட் போட்டு ஒட்டி ஒட்டித்தான் எழுதினேன்; ஒரு சதுர அடைப்புக்குறி விட்டுப்போனதில் அரை நாள் போச்சு. அப்புறம்தான் இந்தக் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் பைத்தானோடு கூடவே வரும் கான்ஃபிக்பார்சர் நூலகம் ஞாபகம் வந்தது. டிக்‌ஷனரிக்குள் டிக்‌ஷனரியாக (பெயர்-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பாக) வைத்து 'ரீட்_டிக்ட்' என்று கொடுத்தால் பிரிவுகளை அதுவே கட்டிக்கொள்கிறது, 8080 என்ற போர்ட் எண்ணையும் சரமாக (எழுத்துத் தொடராக) ஆக்கிவிடுகிறது, பொதுவானவற்றை டீஃபால்ட் பிரிவில் (பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும்) ஒருமுறை போட்டால் போதும், மற்ற பிரிவுகள் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

சரி, வேலை முடிந்தது என்று ஓட்டினால் ஏழாவது சர்வரில் வேல்யூஎரர், அதாவது மதிப்பு சரியில்லை என்ற பிழை. பாஸ்வேர்ட் நடுவே ஒரு '%'. இந்த நூலகத்துக்கு அது வேறொரு மதிப்பை அங்கே செருகச் சொல்லும் குறி. '%%' என்று இரட்டிக்கலாம், ஆனால் கோப்பிலும் அப்படியே இரண்டாக விழும், அதைப் படிப்பது வேறு நிரல் என்றால் வம்பு. அந்தச் செருகலையே நிறுத்த 'இன்டர்போலேஷன்=நன்' என்று பார்சரை உருவாக்கியதும் சரியானது.

சாவிப் பெயர்களை எல்லாம் சத்தமில்லாமல் சிறிய எழுத்தாக்கும் பழக்கமும் கான்ஃபிக்பார்சருக்கு உண்டு. 'ஆப்ஷன்எக்ஸ்ஃபார்ம்' என்பதற்கு 'எஸ்டிஆர்' கொடுத்து அதையும் நிறுத்தினேன். பழைய கோப்பைப் படித்துத் திருப்பி எழுதினால் கமென்ட் (குறிப்பு வரிகள்) அத்தனையும் காலி, அதற்கு மட்டும் இன்னும் வழி பார்க்கவில்லை.